‘இசை’ என்ற இடத்தில் யார் பெயர்?

போன ஆண்டு முதுகலை வகுப்பில் புலம்பெயர் இலக்கியம் நடத்திக்கொண்டிருந்தேன். பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு காரியம் செய்தேன். மடிக்கணினியைத் திறந்து ஒரு பாட்டைப் போட்டேன். 2003இல் லண்டனில் வெறும் 500 இசைத்தட்டுகளாக வெளிவந்த ‘கலாங்’ என்ற பாட்டு. பாடியவர் மாதங்கி அருள்பிரகாசம். உலகம் அவரை எம்.ஐ.ஏ. என்று அழைக்கிறது, நண்பர்களுக்கு மாயா. யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் வளர்ந்து, போரிலிருந்து தப்பி, அகதியாக லண்டன் போய்ச் சேர்ந்த தமிழ்ப்பெண்.

பாட்டு முடிந்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவன் கேட்டான்: “மேம், மியூசிக் யாரு?”

“அவங்கதான்” என்றேன்.

“இல்ல மேம். பாடுனது அவங்க. மியூசிக் யாரு?”

நான் பதில் சொல்லும் முன்பே பாம்பனிலிருந்து வரும் ஒரு மாணவி அவனுக்குச் சொன்னாள்: “யாராச்சும் ஒரு ஆளு போட்டிருப்பாரு.”

பையன் கேட்டதில் எனக்குக் கோபமில்லை. அவள் அவ்வளவு சாதாரணமாகச் சொன்ன பதில்தான் அன்று இரவு என்னைத் தூங்கவிடவில்லை. இந்தக் கட்டுரை அவளுக்கு நான் எழுதும் பதில்.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இந்தக் கடற்கரையில் நானும் அப்படித்தான் வளர்ந்தேன். எங்கள் பக்கம் சென்னை வானொலியைவிட இலங்கை வானொலி துல்லியமாகக் கேட்கும். நடுவில் இருப்பது கடல்தானே, மலையா மறைக்க? பாட்டுப் போடுமுன் அறிவிப்பாளர் வரிசையாகச் சொல்வார்: படம், பாடல், பாடியவர், இசை. ‘பாடியவர்’ என்ற இடத்தில் சுசீலா, ஜானகி, ஈஸ்வரி என்று பெண்கள் வரிசை கட்டி நின்றார்கள். ‘இசை’ என்ற இடத்தில் ஒரு பெண் பெயர் வந்து நான் கேட்ட நினைவே இல்லை. குரல் பெண்ணுக்கு, இசை ஆணுக்கு என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது தடவை காதில் விழுந்தால் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பின்னாளில் பவதாரிணி ‘மித்ர், மை ஃப்ரெண்ட்’ படத்துக்கு இசையமைத்தார். 2002இல் ரேவதி இயக்கிய படம் அது. 2024 ஜனவரியில் அவர் இறந்தபோது வந்த அஞ்சலிகளைத் தேடிப் படித்தேன். ‘இளையராஜாவின் மகள்’, ‘பாடகி’ என்பவை முன்னால் நின்றன. ‘இசையமைப்பாளர்’ என்பது பின்னால் எங்கோ ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆகவே அந்த மாணவிக்கு ‘கலாங்’ பாட்டு எப்படிப் பிறந்தது என்ற கதையை முதலில் சொல்கிறேன்.

*

எலாஸ்டிகா என்று ஒரு பிரிட்டிஷ் ராக் குழு. நான்கு பேரில் மூன்று பேர் பெண்கள். 1995இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம் பிரிட்டனில் மிக வேகமாக விற்ற முதல் ஆல்பங்களில் ஒன்று. கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, காலை அகட்டி நின்று, யாரையும் கெஞ்சாமல் பாடும் பெண்கள். குழுவின் தலைவி ஜஸ்டின் ஃப்ரிஷ்மன். இவரைப் பற்றி எழுதியவர்களில் பலருக்கு இவர் இசையைவிட இவருடைய காதலர் யார் என்பதுதான் முக்கியமாக இருந்தது. காதலரும் புகழ்பெற்ற ராக் பாடகர். போதாதா?

மாயா அப்போது பாடகி அல்ல. லண்டனின் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் திரைப்படம் படித்தவர். எலாஸ்டிகாவின் இரண்டாவது ஆல்பத்துக்கு அட்டைப் படம் செய்துகொடுத்தார். பிறகு குழு அமெரிக்காவில் சுற்றுப்பயணம் போனபோது அதைப் படம்பிடிக்கக் கூடவே போனார். அந்தப் பயணத்தில் முன்கச்சேரி செய்தவர் பீச்சஸ் என்ற கனடாப் பெண். தனியாள். ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு ஒற்றையாக மேடையை அதிரவைத்தார். அந்தப் பெட்டியின் பெயர் ரோலண்ட் எம்.சி. 505. மேசை மேல் வைக்கக்கூடிய தாளப்பெட்டி. விரலால் தட்டத் தட்டத் தாளமும் பேஸும் ஒலிகளும் அடுக்கடுக்காகப் பதிவாகும். நோட்டு வாசிக்கத் தெரிய வேண்டாம். ஆர்மோனியம் கற்றிருக்க வேண்டாம். ஒரு குருவின் வாசலில் ஆறு வருடம் நிற்க வேண்டாம். ‘நீயும் செய்து பார்’ என்று பீச்சஸ் மாயாவுக்குத் தைரியம் சொன்னார்.

லண்டன் திரும்பியதும் ஃப்ரிஷ்மனிடமிருந்து அந்தப் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு நான்கு தடப் பதிவுக் கருவியோடு, மாயா ஆறு பாட்டுகள் கொண்ட டெமோ ஒன்றைச் செய்தார். அதில் முதலாவது ‘எம்.ஐ.ஏ.’, இரண்டாவது ‘கலாங்’. டெமோ என்றால் கம்பெனிக்காரர்களிடம் போட்டுக் காட்டுவதற்கான முன்பதிவு. மெருகு இருக்காது. கரகரக்கும். ஆனால் பாட்டு அதில் முழுசாக இருக்கும். வீடு கட்டுபவர் போடும் வானம் மாதிரி: சுவரும் பூச்சும் பிறகு வரும், வீடு எங்கே எப்படி நிற்கும் என்பது அங்கேயே முடிவாகிவிட்டது.

இந்த வரலாற்றில் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப்பாருங்கள். கருவியைக் காட்டியவர் ஒரு பெண். கருவியைக் கொடுத்தவர் ஒரு பெண். அதில் விரலை வைத்தவர் ஒரு பெண். ‘யாராச்சும் ஒரு ஆளு’ இன்னும் அறைக்குள் நுழையவே இல்லை.

பிறகு ஆண்கள் வந்தார்கள். அதை நான் மறைக்கப்போவதில்லை. ‘கலாங்’ பாட்டை வெளியீட்டுக்குத் தயாராக்கியதில் ராஸ் ஆர்ட்டன், ஸ்டீவ் மேக்கி இருவரின் பங்கு உண்டு. எழுதியதில் ஃப்ரிஷ்மனுக்கும் பங்கு உண்டு. 2005இல் எக்ஸ்.எல். நிறுவனம் முதல் ஆல்பத்தை வெளியிட்டபோது இன்னும் பல தயாரிப்பாளர்களின் பெயர்கள் அதில் இருந்தன. ஆல்பத்தின் பெயர் ‘அருளர்’. அந்த ஆண்டின் மெர்க்குரி பரிசுப் பட்டியலில் அது இடம்பெற்றது. உலகம் திரும்பிப் பார்த்தது.

பார்த்துவிட்டு என்ன சொன்னது? இதெல்லாம் டிப்லோவின் கைவண்ணம் என்றது. டிப்லோ ஓர் அமெரிக்க டி.ஜே.; அந்நாளில் மாயாவின் காதலர். அவர் மாயாவைச் சந்தித்தது 2004இல். ‘கலாங்’ வெளிவந்தது அதற்கு முந்தைய ஆண்டு. ‘அருளர்’ ஆல்பத்தில் அவர் கைபட்டதாகச் சொல்லத்தக்கது ‘பக்கி டன் கன்’ என்ற ஒரே பாட்டு. இருந்தும் கட்டுரைக்குக் கட்டுரை அவர்தான் மூளை என்று எழுதப்பட்டது. 2007இல் பிட்ச்ஃபோர்க் இதழின் பேட்டியில் மாயா பொறுமை இழந்தார். ஆல்பத்தின் பெரும்பகுதி அவரைச் சந்திக்கும் முன்பே முடிந்துவிட்டது என்பதை, இரண்டாவது ஆல்பம் வரும் நேரத்தில், முதல் ஆல்பத்துக்காக வாதாட வேண்டியிருந்தது.

வேறொரு கூட்டம் ஆல்பத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டது. அருளர் என்பது மாயாவின் தந்தையின் பெயர். ஈரோஸ் இயக்கத்தை நிறுவியவர்களில் ஒருவர். ‘லங்கா ராணி’ நாவலை எழுதியவர். மகளின் சிறுவயது பெரும்பாலும் அவர் இல்லாமலே கழிந்தது. தலைப்பை மாற்றச் சொல்லி அவரிடமிருந்து செய்தி வந்ததாகவும், தான் மாற்றவில்லை என்றும் மாயா சொல்லியிருக்கிறார். ஓடிப்போன அப்பாவின் பெயரை எடுத்துத் தன் சொத்தாக்கிக்கொண்ட மகளின் துணிச்சல் அது. விமரிசகர்களுக்கோ அது தந்தையின் அரசியலை மகள் ஒப்பிக்கிறாள் என்பதற்கான சான்று. அவரைப் புலி என்று எழுதியவர்களும் உண்டு. ஈரோஸ் வேறு, புலிகள் வேறு என்ற அடிப்படை கூடத் தெரியாமல்.

கூட்டிப் பாருங்கள். பாட்டின் கருத்து அப்பாவுடையது. பாட்டின் தாளம் காதலருடையது. அப்படியானால் மாயா அங்கே என்னதான் செய்துகொண்டிருந்தார்? சமையலா?

*

இங்கே ஒரு நியாயவாதி எழுந்து நிற்பார். எழுந்து நிற்காத கருத்தரங்கே கிடையாது. “இசை கூட்டு உழைப்பு அம்மா. யார் செய்தது என்று கணக்குப் பார்ப்பது கலைக்கு அழகா?” என்பார்.

கூட்டு உழைப்புதான். நான் கேட்பது வேறு. ஓர் ஆணின் கையெழுத்துப் பிரதியைப் பெண் ஒருத்தி செப்பனிட்டால் அதற்கு என்ன பெயர்? ‘உதவி’. முன்னுரையின் கடைசி வரியில் நன்றி. பெரும்பாலும் ‘என் துணைவியார்’ என்று பெயர்கூட இல்லாமல். ஒரு பெண்ணின் டெமோவை ஆண் ஒருவர் செப்பனிட்டால் அதற்கு என்ன பெயர்? ‘ஆக்கம்’. வேலை ஒன்றுதான், செய்யும் கையைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது. கணக்குப் பார்க்கக் கூடாது என்பவர்கள் கணக்கை ஏற்கெனவே தங்கள் பக்கம் எழுதி முடித்தவர்கள்.

ஐஸ்லாந்தின் பியோர்க் 2015இல் அதே பிட்ச்ஃபோர்க் இதழில் இதைச் சொன்னார். ‘வெஸ்பர்டைன்’ ஆல்பத்தின் தாளங்களில் எண்பது விழுக்காட்டை மூன்று வருடம் உட்கார்ந்து அவரே செய்திருக்கிறார். கடைசி இரண்டு வாரங்களில் வந்து மேல்வேலை செய்த ஆண் இரட்டையர்தான் ஆல்பம் முழுவதையும் செய்தவர்களாக எங்கும் எழுதப்பட்டார்கள். அவர் திருத்திச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். கேட்பாரில்லை. உலகப் புகழ்பெற்ற, பல பத்தாண்டு அனுபவமுள்ள பெண்ணுக்கே இந்தக் கதி.

ராக் இசையின் அடித்தளத்தையே தோண்டிப் பாருங்கள். சிஸ்டர் ரொசெட்டா தார்ப் என்ற கறுப்பினப் பெண் 1940களிலேயே மின்கிதாரைக் கையிலெடுத்துத் தேவாலயப் பாட்டை அதிரடித்தவர். ராக் அண்ட் ரோல் புகழரங்கம் 1986இல் முதல் அணியைச் சேர்த்தபோது எல்விஸ் பிரெஸ்லி உள்ளே போனார். தார்புக்கு இடம் கிடைத்தது 2018இல். இறந்து நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து. எல்விஸ் 1956இல் பாடி உலகை ஆட்டிவைத்த ‘ஹவுண்ட் டாக்’ பாட்டை 1952இலேயே பதிவுசெய்தவர் பிக் மாமா தார்ன்டன். அவருக்கு 2024 வரை காத்திருப்பு. இந்தப் பெண்களின் பாட்டுகளையெல்லாம் ஆண்களின் ஆல்பங்களுக்கான டெமோவாகவே வரலாறு நடத்தியிருக்கிறது.

நமக்கு இது புதிதா? ஆண்டாள் என்று ஒரு பெண்ணே இல்லை, பெரியாழ்வார் பெண்குரலில் பாடியதுதான் அதெல்லாம் என்று வாதிட்டவர்கள் நம்மிடையே உண்டு. உடம்பையும் விரகத்தையும் அப்படி ஒரு பெண்ணால் எழுத முடியும் என்று நம்புவதைவிட, ஒரு கிழவர் மகள் வேடம் கட்டினார் என்று நம்புவது அவர்களுக்கு எளிதாக இருந்தது. ‘யாராச்சும் ஒரு ஆளு’ என்பதன் பண்டித வடிவம் அது.

இதற்கு நேர்மாறான ஒரு தருணமும் உண்டு. பெண்ணுக்கு முழு உரிமையையும் தூக்கிக் கொடுக்கும் தருணம். பழி வரும்போது.

‘சன்ஷவர்ஸ்’ பாட்டில் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் பெயர் வந்ததற்காக எம்.டி.வி. அதை ஒளிபரப்ப மறுத்தது. மாயா பயங்கரவாதத்துக்குத் துணைபோகிறார் என்று எழுதினார்கள். அப்போது யாரும் தயாரிப்பாளரைத் தேடவில்லை. நம் ஊரிலும் பார்த்தோம். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி செய்த ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில், கானாவும் ராக்கும் ராப்பும் கலந்து பாடிய அத்தனை ஆண்களுக்கு நடுவே ஒரே பெண்ணாக நின்றவர் இசைவாணி. ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவுக்குள் தன் குரலோடு நுழைந்தவர், 2020இல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றவர். சபரிமலை நுழைவு குறித்து அந்தக் குழு 2018இல் பாடிய பாட்டுக்காக, ஆறு ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பரில் வசையும் மிரட்டலும் கிளம்பின. குழுவின் பாட்டுதான் அது. வசை யார் மேல் விழுந்தது? அந்த ஒரே பெண் மேல். கூட்டு உழைப்பு பேசும் நியாயவாதிகள் அந்த வாரம் எங்கே போயிருந்தார்கள்?

புகழ் வந்தால் கூட்டு, பழி வந்தால் தனியாள். இதுதான் பெண்ணுக்கு வழங்கப்பட்டிருக்கும் ஆசிரியத்துவம்.

*

மாயாவை நான் தெய்வமாக்க வரவில்லை. பின்னாளில் தடுப்பூசி பற்றி அவர் சொன்னவற்றோடு எனக்கு உடன்பாடில்லை. முதல் ஆல்பத்திலேயே கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்று உண்டு. டிப்லோ கைபட்டது என்று சொன்னேனே, ‘பக்கி டன் கன்’, அது ரியோ டி ஜெனிரோவின் குடிசைப் பகுதியில் பிறந்த ஒரு பாட்டின் மேல் எழுந்தது. அதைப் பாடியவர் டெய்ஸி டிக்ரோனா. வீட்டு வேலை செய்து பிழைத்தவர். லண்டன் பெண்ணின் ஆல்பத்துக்கு அடியில் ரியோ பெண்ணின் குரல். ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் மட்டும் இந்த வழக்கு முடிந்துவிடுவதில்லை. மைக்கைக் கையில் வைத்திருப்பவளுக்கும் வைத்திராதவளுக்கும் இடையிலும் அது நடக்கிறது.

இதைச் சொல்லும்போதே என் தொண்டை அடைக்கிறது. ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் மைக்கைக் கையில் வைத்திருந்தவள்.

என் முனைவர் பட்ட ஆய்வு இந்தக் கடற்கரையின் ஒப்பாரிப் பாடல்கள் பற்றியது. மண்டபம் தொடங்கி இராமேசுவரம் வரை ஊர் ஊராகப் போனேன். கையில் ஒரு டேப் ரெக்கார்டர், பையில் அறுபது நிமிடக் கேசட்டுகள். பாசி எடுக்கப் போகும் பெண்கள், கருவாடு காயப்போடும் பெண்கள், கடலுக்குப் போன ஆம்பிளை திரும்பாத வீட்டுப் பெண்கள் எனக்காகப் பாடினார்கள். மகனின் படகு எந்த நிறம், அன்றைக்கு என்ன காற்று, கடைசியாக அவன் எதைச் சாப்பிட்டுவிட்டுப் போனான் என்பதையெல்லாம் பாட்டுக்குள் அந்த நேரத்திலேயே கட்டி இறக்கினார்கள். ஒருத்தி பாடியது இன்னொருத்தி பாடியது போல இருக்கவில்லை. எடுப்பு வேறு, இழுவை வேறு, எங்கே மூச்சை நிறுத்திக் கேட்பவர் வயிற்றைக் கலக்க வேண்டும் என்ற கணக்கு வேறு. சொல்லும் மெட்டும் அவளுடையவை. இசையமைப்பு என்பதற்கு வேறு என்ன வரையறை வேண்டும்?

ஆய்வேட்டில் நான் என்ன எழுதினேன்? ‘தகவலாளி 4, பெண், வயது 58, மீனவர்.’

நெறிப்படி செய்தேன். ‘நாட்டார் பாடலுக்கு ஆசிரியர் இல்லை, அது சமூகத்தின் சொத்து’ என்பது எங்கள் துறையின் பாலபாடம். எழுதப் படிக்கத் தெரியாதவள் பாடினால் சமூகத்தின் சொத்து. அதை எழுதி அச்சிட்டால் ‘தொகுப்பாசிரியர்’ என்று அட்டையில் பெயர், பதிப்புரிமை, பதவி உயர்வுக்கு மதிப்பெண். அவளுடைய பாட்டு டெமோ. என்னுடைய ஆய்வேடு ஆல்பம். பின்பு என் பதிவுகளிலிருந்து பதினொரு பாட்டுகள் வேறொருவரின் நூலில் என் பெயர்கூட இல்லாமல் வந்தபோது நான் கொதித்தேன், கடிதம் எழுதினேன், நாலு பேரிடம் நியாயம் கேட்டேன். என் வீட்டில் திருட்டுப் போனதாகத்தான் அன்று நினைத்தேன். அது யார் வீட்டுப் பொருள் என்று கேட்டுக்கொள்ள எனக்கு இன்னும் பத்து வருடம் ஆயிற்று.

சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்களுக்கும் பாடியவர் பெயர் தெரியாத சிக்கல் வந்தது. அவர்கள் என்ன செய்தார்கள்? பாட்டுக்குள் இருந்த ஒரு தொடரை எடுத்து அதையே பெயராகச் சூட்டினார்கள். செம்புலப்பெயல்நீரார். அணிலாடுமுன்றிலார். ஆணோ பெண்ணோ தெரியாது. எழுதியவர் ஒருவர் இருந்தார் என்பது தெரியும், அந்த ஒருவருக்கு மரியாதை உண்டு. பெயர் தொலைந்துபோனவருக்கும் அவர்கள் ‘ஆர்’ விகுதி போட்டார்கள். இரண்டாயிரம் ஆண்டு கழித்து, பெயரைக் கேட்டால் சொல்லக்கூடிய தூரத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு நான் எண் போட்டேன்.

கேட்டால் சொல்லக்கூடிய தூரம் என்றேன். அது கூடச் சரியில்லை. வகுப்பில் அந்தக் கேள்வி எழுந்த வாரம், பழைய கேசட்டுகளை ஒரு கடையில் கொடுத்துக் கணினிக்கு மாற்றினேன். பாதிக்கு மேல் பூஞ்சை பிடித்திருந்தது. நான்காவது கேசட் ஓடியது. முதலில் என் குரல்: “பாடுங்கம்மா.” அடுத்து அவள் குரல். பாட்டு அல்ல. தன் பெயரைச் சொல்கிறாள். அப்பன் பெயரை, ஊரை, “இது நானே எம் மகனுக்குக் கட்டுனது, தாயி” என்பதைச் சொல்கிறாள். அதன் பிறகுதான் பாடத் தொடங்குகிறாள். என் ஆய்வேட்டின் பின்னிணைப்பைப் புரட்டினேன். என் எழுத்துப்படி பாட்டின் முதல் சொல்லிலிருந்து ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னால் சொன்னதை ‘பாடலுக்குத் தொடர்பில்லாதது’ என்று விட்டிருக்கிறேன்.

1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் முதன்முதலாக இசைத்தட்டுக்குப் பாடினார். பாட்டு முடிந்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். மெழுகுத் தட்டுகள் ஜெர்மனிக்குப் போய் அச்சாக வேண்டும். அங்கிருப்பவர்கள் எந்தத் தட்டில் யார் பெயரை ஒட்டுவது என்று தெரிந்துகொள்வதற்காக அந்த ஏற்பாடு. காரணம் தொழில்நுட்பமாக இருக்கலாம். நூற்றிருபது ஆண்டுகள் கழித்து அந்தத் தட்டைக் கேட்பவருக்கும் பாடியவர் யார் என்ற ஐயமே இல்லை. தகவலாளி 4 அந்தத் தட்டைக் கேட்டதில்லை. ஆனாலும் அதையே செய்திருக்கிறாள். ஜெர்மனிக்காரன் பெயரை ஒட்டினான். தமிழ் முனைவர் பட்டம் பெற்ற நான் வெட்டினேன்.

அவள் இப்போது இல்லை. மகளைத் தேடிப் போனேன். பதிவைப் போட்டுக் காட்டினேன். அவள் அழவில்லை, இரண்டு முறை கேட்டாள். இந்தக் கட்டுரையில் அம்மா பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். “இப்பப் போடாதிய டீச்சர். பேத்தி படிக்கிறா. அவ கேட்டுட்டுச் சொல்லட்டும், எப்படிப் போடணும்னு” என்றாள். ஆகவே இங்கேயும் அந்தப் பெயர் இல்லை. முன்பு இல்லாததற்கும் இப்போது இல்லாததற்கும் வித்தியாசம் உண்டு. அன்று முடிவெடுத்தது நான். இன்று முடிவு அவர்கள் கையில். பதிவின் ஒரு பிரதியும் அவர்கள் வீட்டில் இருக்கிறது.

*

இனி, பாம்பன் மாணவிக்கு.

மாயாவுக்கு 2010இல் நடந்த இன்னொன்றையும் சொல்கிறேன். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை அவரைப் பற்றி நீண்ட கட்டுரை வெளியிட்டது. எளியவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டே விலையுயர்ந்த வறுவலைக் கொறிக்கும் போலிக் கலகக்காரி என்ற சித்திரம் அதில் இருந்தது. மாயா அந்தப் பேட்டியின்போது தானும் ஒரு பதிவுக் கருவியை ஓடவிட்டிருந்தார். ஒலிப்பதிவை வெளியிட்டார். அந்த வறுவலை வரவழைக்கலாம் என்ற பேச்சை எடுத்தவர் பேட்டி கண்டவர்தான் என்று ஊர் கேட்டது. பேட்டியின் வெவ்வேறு இடங்களில் சொன்னவற்றை ஒன்றாக ஒட்டியதற்காகப் பத்திரிகை விளக்கக் குறிப்பும் போட வேண்டிவந்தது. அவர் சத்தியம் செய்யவில்லை, கண்ணீர் விடவில்லை. டேப்பைப் போட்டார். அவ்வளவுதான்.

டெமோவுக்கும் அந்த டேப்புக்கும் ஒரே மதிப்பு. ‘இதை நான் செய்தேன்’ என்பதற்கான சாட்சி. ஆல்பம் பளபளப்பாக இருக்கும். அதில் பல கைகள் பட்டிருக்கும். அதை வைத்து யாரும் எதையும் சொல்லலாம். கரகரக்கும் அந்த முதல் பதிவை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. மாயாவிடம் ஆறு பாட்டு டெமோ ஒன்று இருந்தது என்ற வரலாறு இல்லாவிட்டால், இன்றைக்கு ‘கலாங்’ யாராச்சும் ஒரு ஆளுடையதாகவே இருந்திருக்கும்.

நம் பெண்கள் முதல் பிரதியை அழிப்பதில் கெட்டிக்காரிகள். கையெழுத்து நன்றாக இல்லை என்று கிழிப்பார்கள். குரல் பிசிறடித்தது என்று நீக்குவார்கள். கல்யாணத்துக்கு முந்தின வாரம் நோட்டைக் கொல்லையில் வைத்துக் கொளுத்திவிட்டு வருவார்கள். என் தோழிகளில் இருவர் கொளுத்தியிருக்கிறார்கள். அசிங்கமாக இருக்கிறது என்ற வெட்கம் நமக்குப் பழக்கப்படுத்தப்பட்டது. சுத்தமாகத் துடைத்த வீட்டில் நம் கைரேகையும் இருக்காது.

அழிக்காதே. நீ கட்டிய முதல் மெட்டு உன் கைப்பேசியில் இருக்கிறதா, தேதியோடு வைத்திரு. தொடங்கும் முன் உன் பெயரைச் சொல். யாரேனும் செப்பனிட்டுக் கொடுத்தால் நன்றி சொல். அவர் செய்தது என்ன என்பதையும், அதற்கு முன் நீ செய்து வைத்திருந்தது என்ன என்பதையும் எழுதி வை. உன் பாட்டியிடம் பாட்டுக் கேட்டுப் பதிவுசெய்யப் போனால், பாட்டுக்கு முன்னால் அவள் பேசுவதிலிருந்து எழுதத் தொடங்கு. நான் விட்ட இடம் அது. உன் ஒப்படைப்பில் ‘தகவலாளி’ என்ற சொல் வந்தால் நான் மதிப்பெண் போடமாட்டேன். நெறிமுறை நூலைக் காட்டி யாராவது கேட்டால் என்னிடம் அனுப்பு.

அடுத்த முறை வகுப்பில் யாராவது “மியூசிக் யாரு?” என்று கேட்டால், நீ முந்திக்கொள்ளலாம். ஆனால் ஊகிக்காதே. பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுச் சொல்.